எது பெஸ்ட், எது மொக்கை: சிட்காம் சண்டையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

குமுளியில் வளர்ந்தவர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. செக்போஸ்ட்டுக்கு எந்தப் பக்கம் வீடு இருந்தாலும் தமிழ் டிவியும் தெரியும், மலையாள டிவியும் தெரியும். நெட்ஃப்ளிக்ஸ் வந்த பிறகு அமெரிக்க சிட்காமும், அதாவது நகைச்சுவைத் தொடரும், அதோடு சேர்ந்துகொண்டது. மழைக்காலச் சாயங்காலத்தில், ஏலக்காய்க் கடை ஷட்டர் பாதி இறங்கிய நேரத்தில் தொடங்கும் வாக்குவாதத்தில் மலையாளத்தின் ‘மறிமாயம்’, ‘உப்பும் முளகும்’, அமெரிக்காவின் ‘சைன்ஃபெல்ட்’, ‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’ எல்லாமே உருளும். எது பெஸ்ட் எபிசோடு, எது படு மொக்கை? சண்டை போடுவதில் தப்பே இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் பேச்சு கெட்டுப்போவது அதே சில இடங்களில்தான்.

எல்லாத் தொடருக்கும் ஒரே அளவுகோலை வைப்பதில் ஆரம்பிக்கிறது வினை. 2011-இல் மழவில் மனோரமா சேனலில் தொடங்கிய ‘மறிமாயம்’ அரசு அலுவலகங்களைக் கிண்டல் செய்யும் தொடர். சத்தியசீலன், மண்டோதரி, கோயா என்று ஆட்கள் அதே ஆட்கள்தான், ஆபீஸ்தான் மாறிக்கொண்டே இருக்கும். நடுவில் பத்து எபிசோடு விட்டுப்போனாலும் பதினொன்றாவது புரியும். ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்பதால் இதற்கு டாப் டென் போடுவது நியாயம்தான்.

அங்கேயும் ஒரு சறுக்கல் உண்டு. இடுக்கியில் நிலம் வைத்துக்கொண்டு பட்டயத்துக்காக, அதாவது நிலப் பட்டாவுக்காக, அலைந்தவர் எவரைக் கேட்டாலும், வில்லேஜ் ஆபீஸ் வரும் எபிசோடுதான் உச்சம் என்பார். நம்மைப் படுத்திய ஆபீஸ் திரையில் அடி வாங்கினால் சிரிப்பு இரண்டு மடங்காகத்தான் வரும். அது ‘எனக்குப் பிடித்தது’. ‘நன்றாக எழுதப்பட்டது’ என்பது வேறு கேள்வி. இரண்டையும் ஒரே வாயில் சொல்லாமல் இருந்தாலே பாதிச் சண்டை அடங்கிவிடும்.

‘அரெஸ்டட் டெவலப்மென்ட்’ இதற்கு நேரெதிர். கலிஃபோர்னியாவில் வீடு கட்டி விற்கும் ப்ளூத் குடும்பம். அப்பா கைதாகிறார், பிள்ளைகள் திண்டாடுகிறார்கள். 2003 முதல் 2006 வரை ஃபாக்ஸ் சேனலில் 53 எபிசோடுகள் ஓடின. இதில் ஒரு ஜோக் ஒரு எபிசோடில் முளைத்து, இன்னொன்றில் தலைகாட்டி, எங்கேயோ போய்த்தான் வெடிக்கும். இப்படிப்பட்ட தொடரை ஒரே தடவை பார்த்துவிட்டு “நாலாவது எபிசோடுல ஒண்ணுமே இல்ல மாப்ள” என்று தீர்ப்புச் சொல்வதுதான் இந்தச் சண்டைகளிலேயே பெரிய தவறு.

இன்னும் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிவிடுங்கள்.

இரண்டாவது சீசனில் கடைக்குட்டி பஸ்டரின் கையை ஒரு சீல் (கடல்நாய்) கடித்துத் துண்டாக்கிவிடும். முதல் தடவை பார்ப்பவருக்கு அது திடீர்க் கூத்து. திரும்பப் பார்த்தால், கதை அதை முன்கூட்டியே எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறது என்று தெரியும். பஸ்டருக்குக் கை வடிவத்தில் ஒரு நாற்காலி இருந்தது. அது கைவிட்டுப் போய், பிறகு வேறொரு வீட்டில் கண்ணில் படும்போது, ஒரு கையை இவ்வளவு தேடுவேன் என்று நினைக்கவே இல்லை என்பான். ராணுவப் பயிற்சிக்கு மட்டம் போட்டுவிட்டு, இரும்புக் கொக்கியால் பொம்மை எடுக்கும் மெஷினே கதியென்று கிடப்பான். மாயாஜாலம் செய்யும் அண்ணன் கோப், இறைச்சி ருசி கண்ட ஒரு சீலைக் கடலில் விட்டிருப்பான். விபத்துக்குச் சற்று முன்பு, ராணுவ விளம்பரம் எழுதிய பெஞ்சில் பஸ்டர் உட்காருவான். அவன் உடம்பு சில எழுத்துகளை மறைக்க, மிச்சமிருக்கும் எழுத்துகள் கை போனதைச் சொல்லும். கடையில் ஏலக்காய் சலிக்கும் பையன் ஒருவன், போனில் அந்த இடத்தை நிறுத்தி, இரண்டு விரலால் பெரிதாக்கி, எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, “அண்ணே, இவனுங்க மனுசனுங்களே இல்லண்ணே” என்றான். அதே பையன்தான் நாற்காலி வரும் எபிசோடைச் சும்மா இழுவை என்று தள்ளியிருந்தான்.

இதோடு ஒட்டிய இன்னொரு சிக்கல் சப்டைட்டில். அது பேச்சைக் காட்டும், பின்னால் தொங்கும் போர்டைக் காட்டாது. நம் கண் திரையின் அடியிலேயே ஓடிக்கொண்டிருக்கும்போது பெஞ்சும் பேனரும் சுவரில் மாட்டிய படமும் நழுவிப்போகின்றன. எபிசோடு மொக்கை என்று தோன்றுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். எல்லாவற்றையும் இரண்டு தடவை பாருங்கள் என்று சொல்லவில்லை, யாருக்கு நேரம் இருக்கிறது. சண்டைக்கு வந்த அந்த ஒரு எபிசோடை மட்டுமாவது சப்டைட்டிலை அணைத்துவிட்டு ஓட விட்டுப் பாருங்கள்.

இதைப் பிடித்துக்கொண்டு எதிர்முனைக்கு ஓடும் ரசிகர்களும் இருக்கிறார்கள். எதைக் குறை சொன்னாலும் “உனக்குப் புரியல” என்பார்கள். அடுக்கடுக்காகக் குறிப்புகளை ஒளித்துவைப்பது கெட்டிக்காரத்தனம்தான், அதனாலேயே சிரிப்பு வந்துவிடாது. நெட்ஃப்ளிக்ஸ் 2013 மே 26 அன்று 15 எபிசோடுகளாக மொத்தமாக வெளியிட்ட நான்காவது சீசன் இதற்குச் சாட்சி. நடிகர்கள் எல்லோரையும் ஒரே நேரத்தில் கூட்ட முடியாததால் ஒரு எபிசோடுக்கு ஒரு பாத்திரம் என்று கதையைப் பிரித்தார்கள். முடிச்சுகள் முன்பைவிட அதிகம். ஆனால் அந்தக் குடும்பம் ஒரே அறையில் ஒருவர் பேச்சை ஒருவர் வெட்டிக்கொண்டு கத்தும்போது வந்த சிரிப்பு அதில் இல்லை. கால்ஷீட் பிரச்சினை அதற்குக் காரணம், சமாதானம் இல்லை.

மூன்றாவது சீசனுக்கும் இதே கதைதான். 2004-இல் சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது வாங்கியும் கூட்டம் சேரவில்லை. முதல் சீசனில் 22 எபிசோடு, அடுத்து 18, அடுத்து 13 என்று சேனல் குறைத்துக்கொண்டே வந்தது. கடைசி நான்கையும் 2006 பிப்ரவரி 10 அன்று, டுரின் குளிர்கால ஒலிம்பிக் தொடக்க விழா ஓடிய அதே இரவில் ஒட்டுமொத்தமாக ஒளிபரப்பித் தள்ளிவிட்டார்கள். கடைசி எபிசோடுகளில் தெரியும் அவசரம் எங்கிருந்து வந்தது என்று இதிலிருந்து விளங்கும். மார்க் போடும்போது அந்தப் பரிதாபத்தைச் சேர்க்கக் கூடாது.

நான்காவது சீசனைப் பற்றிப் பேசும் முன் இன்னொன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: எந்த நான்காவது சீசன்? 2018-இல் அதையே சம்பவ வரிசைப்படி வெட்டி ஒட்டி 22 எபிசோடாக மாற்றி வெளியிட்டார்கள். கம்பத்துக்காரர் ஒன்றைப் பார்த்திருப்பார், குமுளிக்காரர் மற்றொன்றை. “எட்டாவது எபிசோடு” என்று இருவரும் அரைமணி நேரம் மோதிக்கொள்வார்கள், இருவரும் சொல்வது வேறு வேறு எபிசோடாக இருக்கும். புது வடிவம் பின்தொடர எளிது. ஒரே சம்பவத்தை வேறொருவர் பக்கமிருந்து பார்க்கும்போது கிடைக்கிற அதிர்ச்சி அதில் போய்விட்டது. என் ஓட்டு பழையதற்கே.

கிளிப் பார்த்துவிட்டு வாதாட வருபவர்கள் தனி ரகம். புத்தடி ஏலக்காய் ஏலத்தில் சாம்பிள் பாக்கெட்டைக் கையில் கொட்டிப் பார்ப்பவர்கள், மூட்டையின் மேல்வாயில் இருந்த பருமட்டான காயை மட்டும் பொறுக்கி வைத்தால் ஒப்புவார்களா? யூடியூபில் வரும் இரண்டு நிமிடமும் அப்படிப் பொறுக்கியதுதான். மிச்ச இருபது நிமிடம் எப்படிப் போனது என்று சொல்லத் தெரியாதவரை ஆட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

ஆளான ஆளே எபிசோடைத் தப்பாக எடை போட்டதும் உண்டு. ‘சைன்ஃபெல்ட்’ தொடரில் 1991-இல் வந்த சீன ரெஸ்டாரன்ட் எபிசோடில் ஜெர்ரி, ஜார்ஜ், எலெய்ன் மூவரும் டேபிளுக்காகக் காத்திருப்பார்கள். அவ்வளவுதான் கதை. ஒன்றுமே நடக்கவில்லையே என்று அதை ஒளிபரப்பிய என்பிசி சேனல் நிர்வாகிகளுக்கு அது பிடிக்கவில்லை. இன்று அந்தத் தொடரின் சிறந்த எபிசோடுகள் என்று யார் பட்டியல் போட்டாலும் அது தவறாமல் வரும்.

அதே ‘சைன்ஃபெல்ட்’டின் கடைசி எபிசோடு விஷயத்தில் இதற்கு மாறாக நடந்தது. 1998 மே 14 அன்று அமெரிக்காவில் ஏறத்தாழ 7.6 கோடிப் பேர் பார்த்தார்கள், பலர் திட்டிக்கொண்டே எழுந்தார்கள். வழியனுப்பு விழாவை எதிர்பார்த்தவர்களுக்கு அந்த மூவரோடு கிரேமரையும் சேர்த்து நால்வரையும் ஜெயிலில் தள்ளும் கதை கிடைத்தது. பழைய ஆட்களை வரிசையாகச் சாட்சிக்கூண்டில் ஏற்றும் நீதிமன்றப் பகுதி எனக்கும் இழுவைதான். ஆனால் 1989-இல் வந்த முதல் எபிசோடில் ஜெர்ரி பேசிய அதே சட்டைப் பட்டன் பேச்சைச் சிறைக்குள் மறுபடி பேசவைத்தார்களே, அந்த ஒரு நிமிடத்துக்காக அதை ‘மோசம்’ பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். எபிசோடு என்பது முழுதாக நல்லதாகவோ முழுதாகக் கெட்டதாகவோ இருக்க வேண்டியதில்லை. எந்த சீன் என்று கேட்டாலே பேச்சு ஒழுங்குக்கு வந்துவிடும்.

‘உப்பும் முளகும்’ மாதிரி ஆயிரம் எபிசோடைத் தாண்டிய தொடரில் ‘ஆக மோசமானது’ என்று யாராவது அடித்துச் சொன்னால், மொத்தத்தில் எத்தனை பார்த்தார் என்று மட்டும் கேளுங்கள்.

கடைசியாக, கூட்டத்தில் முதல் சீசனில் இருக்கும் ஆள் யாராவது உண்டா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இருந்தால் பஸ்டரின் கை, சீல், பெஞ்சு எதையும் வாய்தவறிக்கூடச் சொல்லாமல், அவர் கம்பம் பஸ் ஏறும் வரை ‘மறிமாயம்’ பற்றியே பேசிக்கொண்டிருங்கள்.