காற்றைக் கேட்காமல் வேன் பிடிக்காதீர்கள்

கடந்த டிசம்பரில் ராமநாதபுரம் பக்கத்து அரியமான் கடற்கரையில் ஒரு குடும்பம், பறக்கும் மணல் விழாமலிருக்க, பிரியாணி அண்டாவின் மேல் போர்வையை விரித்து, நாலு மூலையையும் ஆளுக்கொருவராகப் பிடித்துக்கொண்டு நின்றது. 12 ஆண்டுகளுக்கு முன் அதே கரையில் அப்படி ஒரு மூலையைப் பிடித்து நின்றவன் நான். குடிநீர், குடை, தொப்பி பற்றியெல்லாம் உங்கள் வீட்டுப் பெரியவர்களே சொல்லிவிடுவார்கள். நான் சொல்ல வந்தது வேறு: இந்தக் கடற்கரைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் செய்யும் தவறுகள்.

பருவம் பார்க்காமல் கடலைத் தேர்ந்தெடுப்பது

ராமநாதபுரத்துக்கு இரண்டு கடல். ராமேஸ்வரம் சாலைக்கு வடக்கே பாக் விரிகுடா, மீனவர்கள் பேச்சில் வடகடல். தெற்கே மன்னார் வளைகுடா, அது தென்கடல். தனுஷ்கோடிக்கு வருகிறவர்களிடம் வடகடலைப் பெண்கடல் என்றும் தென்கடலை ஆண்கடல் என்றும் சொல்லிச் சொல்லி, பெண்கடலில் அலையே இருக்காது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான்.

ஜூன், ஜூலையில் அது சரி. கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து வரும். நிலமே மறைப்பாக நிற்க, வடகடல் தாம்பாளத்துத் தண்ணீராய்க் கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று கிளம்பினால் அதை மறிக்க அந்தப் பக்கம் ஒன்றுமில்லை. ஆழம் குறைந்த கடல் வேறு. அடிச்சேறு கலங்கி, குட்டை குட்டையாக, மூச்சு விடாமல் அலை மோதும். படகுச் சவாரியை நிறுத்திவிடுவார்கள், நிறுத்தத்தான் வேண்டும். தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனதும் 1964 டிசம்பரில்தான்.

12 ஆண்டுகளுக்கு முந்தைய அந்த அரையாண்டு விடுமுறையில், வடகடல் கரையான அரியமானுக்குப் பரமக்குடியிலிருந்து 18 பேரை ஏற்றி வந்தேன். வேன் வாடகை, சமையல்காரர் கூலி, படகுக்கு முன்பணம், எல்லாம் என் கையிலிருந்து. படகு ஓடவில்லை. மணல் மட்டும் ஓடியது. மாமா ஒரு கவளம் வாயில் வைத்து, நறநறவென்று மென்று, "மாப்பிள்ளை, அரிசியில் கல் பொறுக்கவே இல்லையா?" என்றார். இன்றும் கல்யாணப் பந்தியில் என்னைக் கண்டால் அதையே கேட்கிறார்.

அன்று வண்டியைத் தெற்கே திருப்பியிருந்தால் போதும். மண்டபத்தில் நிலம் ஒடுங்கிக் கிடக்கிறது. பருவம் மாறினால் மீனவர்கள் படகை ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு மாற்றிக் கட்டுகிறார்கள். அதைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு அது தோன்றவில்லை. மறு ஆண்டு, தெற்குதான் நல்லது என்று தெரிந்துகொண்ட மிதப்பில், எல்லோரையும் சேதுக்கரைக்குக் கூட்டிப்போனேன். ஆடி மாதத்தில்! கச்சான் முகத்தில் அறைந்தது. மாமா மட்டும் மூடி போட்ட தூக்குவாளியில் தயிர்சாதம் கொண்டுவந்திருந்தார்.

முன்பணம் கொடுக்கும் முன் படகுக்காரரிடம் ஒரே கேள்வி: "அண்ணே, இப்போது என்ன காற்று?" வாடை என்றால் தென்கரை, கச்சான் என்றால் வடகரை. காற்று மாறுகிற வாரங்களில் அவர் தயங்கினால், பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

தூண்டிலில் சிக்கியதை வெறுங்கையால் பிடிப்பது

கெளிற்று மீனுக்கு முதுகிலும் இரு பக்கச் செட்டையிலும் முள் உண்டு. குத்தினால் கை விண்விண்ணென்று தெறிக்கும். பொறுக்கும் சூட்டில் வெந்நீருக்குள் கையை வைத்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். பேத்தை மீன் சிக்கி, பந்தாக உப்பினால் குழந்தைகளுக்குக் காட்டிவிட்டுக் கடலில் விடுங்கள். அதன் விஷம் சமைத்தாலும் போகாது.

அறுந்த தங்கூசியை (தூண்டில் நரம்பை) போட்டுவிட்டு வருவது

தங்கூசி சுற்றி அலையாத்தி வேரில் சிக்கிய ஒரு கொக்கை நகவெட்டியால் அறுத்து விடுவித்திருக்கிறேன். தூண்டில் நரம்பு அதன் காலின் தோலுக்குள் இறங்கியிருந்தது. மிச்சத்தைச் சுருட்டிப் பையில் போடுங்கள்.

"இடுப்பளவுத் தண்ணீர்தானே, லைஃப் ஜாக்கெட் எதற்கு?"

இப்படிக் கேட்பதானால் படகில் ஏறாதீர்கள்.

தீவில் இறங்கச் சொல்லிக் கெஞ்சுவது

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதியில்லாமல் இறக்கினால் படகுக்காரர் பிழைப்பும் போகும்.

கடல் அட்டையை எடுத்து விளையாடுவது

பாதுகாக்கப்பட்ட உயிரினம். வைத்திருந்தாலே வழக்கு. குழந்தை கையில் இருந்தால் உடனே தண்ணீரில் விடச் சொல்லுங்கள்.