பைபாஸ் முடிந்து ஐசியூ வந்தவருக்கு எந்த டிரிப்ஸ் போடுவது?

இதய அறுவைச் சிகிச்சை ஐசியூவில் புதிதாக டூட்டி பார்க்கும் நர்ஸ்களுக்கும் ஹவுஸ் சர்ஜன்களுக்குமான பதிவு இது. முடிவெடுப்பது சீனியர்தான், ஆனால் அவர் வருவதற்குள் நீங்கள் பார்த்து வைக்க வேண்டியது நிறைய.

படி 1: நோயாளிக்குத் திரவம்தான் குறைவா? பைபாஸ் மெஷினிலிருந்து (ஆபரேஷனின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் கருவி) குளிர்ந்து வந்த உடம்பு சூடேறும்போது ரத்தக்குழாய்கள் விரிந்து பிபி இறங்கும், ரத்தம் போயிருந்தாலும் இறங்கும், இதயம் சோர்ந்திருந்தாலும் இறங்கும். யூரின் மணிக்குக் கிலோவுக்கு 0.5 மி.லி.க்குக் கீழே போகிறதா, லாக்டேட் (திசுக்களுக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ரத்தத்தில் கூடும் அமிலப் பொருள்) ஏறுகிறதா, ட்ரெயினில் (நெஞ்சுக்குள் சேரும் ரத்தத்தை வெளியேற்றும் குழாய்) எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். நன்றாக வந்துகொண்டிருந்த ட்ரெயின் திடீரென நின்று, சிவிபி (இதயத்துக்குத் திரும்பும் பெரிய சிரையின் அழுத்தம்) ஏறி, பிபியும் விழுந்தால் "அப்பாடா, ரத்தம் நின்றுவிட்டது" என்று நினைக்காதீர்கள். ட்ரெயின் அடைத்து இதயத்தைச் சுற்றி ரத்தம் தேங்கியிருக்கலாம். அது டேம்போனேட். உடனே சர்ஜனைக் கூப்பிடுங்கள்.

படி 2: சந்தேகமா? சாய்ந்து உட்கார்ந்த நிலையில் இருப்பவரின் தலைப்பக்கத்தைத் தட்டையாக இறக்கி, கால்களை 45 டிகிரி உயர்த்துங்கள். ஒரு நிமிடத்தில் இதயம் வெளியேற்றும் ரத்தத்தின் அளவு கூடினால் திரவம் பயன்படும். காலை இறக்கியதும் பழைய நிலைக்கு வந்துவிடும் என்பதால் இதில் நஷ்டமில்லை.

படி 3: பாட்டில். முதல் தேர்வு ரிங்கர் லாக்டேட் (ஆர்எல்) அல்லது பிளாஸ்மாலைட்; இரண்டும் ரத்தத்தின் உப்பு அளவுக்கு நெருக்கமான திரவங்கள். நார்மல் சலைனில் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல், ரத்தத்திலோ 100 சொச்சம்தான்; நிறையப் போனால் ரத்தம் அமிலமாகும். ஆர்எல்லில் பொட்டாசியம் இருக்கிறதே என்று பயப்படுவார்கள், இருப்பது லிட்டருக்கு 4 மில்லிமோல்தான், ரத்தத்தில் உள்ள அளவு. 5% டெக்ஸ்ட்ரோஸ் ரத்தக்குழாயில் தங்காது. ஸ்டார்ச் (மாவுச்சத்திலிருந்து செய்த டிரிப்ஸ்) வேண்டவே வேண்டாம், கிட்னியைக் கெடுக்கும், ரத்தக்கசிவையும் கூட்டும். ஆல்புமின் (ரத்தத்திலிருந்து எடுக்கும் புரதம்) விலை அதிகம், எல்லோருக்கும் வழக்கமாகப் போட வேண்டியதில்லை: 2022இல் வெளிவந்த ஃபின்லாந்து ஆய்வில் ரிங்கரைவிடப் பெரிய சிக்கல்களைக் குறைக்கவில்லை, ரத்தக்கசிவுதான் கூடியது. ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 7.5 கிராமுக்குக் கீழே போனால் ரத்தம் ஏற்றுவதைப் பற்றிக் கேளுங்கள். அந்த லைனில் ஆர்எல்லைச் சேர்க்காதீர்கள், அதிலுள்ள கால்சியம் ரத்தத்தை உறைய வைக்கலாம்.

படி 4: 250 மி.லி. மட்டும், 10-15 நிமிடத்தில். அப்புறம் மறுபடி எல்லாவற்றையும் பாருங்கள். பிபி அசையவில்லை, சிவிபி மட்டும் ஏறுகிறது என்றால் அடுத்த பாட்டிலைத் தொங்கவிடாமல் ரத்தக்குழாய்களைச் சுருக்கி பிபியை ஏற்றும் நார்அட்ரினலின் மருந்து பற்றி சீனியரிடம் பேசுங்கள்.

ஆன்டிபயாடிக், ஃப்ளஷ் (லைன் அடைக்காமல் இருக்கச் செலுத்தும் திரவம்) வழியாகப் போகும் மி.லி.களையும் சார்ட்டில் எழுதுங்கள். அவற்றைக் கூட்டிப் பார்த்தால் சில நாள் இன்னொரு பாட்டிலே தேறும்.