தேயிலைத் தோட்டத்துப் பெரட்டில் (காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில்) சாதி சொல்லித் திட்டினால்: முதல் மனுவை எழுதும் முறை

"சாதியைச் சொல்லிக் கேவலமாகப் பேசினார்" என்று ஒற்றை வரியில் மனு கொடுத்தால் எதிர்த்தரப்பு வக்கீலுக்குப் பாதி வேலை மிச்சம். சம்பவம் நடந்த அன்று இரவே உட்கார்ந்து எழுதுங்கள். தேதி, மணி, எத்தனையாம் நம்பர் காடு, பெரட்டா, கொழுந்து எடை போடும் இடமா என எல்லாம் வேண்டும். திட்டியவர் சொன்ன சொற்களை அப்படியே எழுத வேண்டும். எழுதக் கை கூசும்தான். ஆனால் சாதிப் பெயர் மனுவில் இல்லாவிட்டால் வழக்கின் உயிர் அங்கேயே போய்விடும்.

அடுத்தது, யார் கேட்டார்கள் என்பது. 1989-ஆம் ஆண்டு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பிரிவு 3(1)-இன் ஆர், எஸ் உட்பிரிவுகள், பொதுப் பார்வையில் படும் இடத்தில் நடந்த அவமதிப்பைத்தான் குற்றமாக்குகின்றன. பெரட்டு, எடை போடும் இடம், லைன் (தொழிலாளர் குடியிருப்பு) வாசல் எல்லாம் இதில் அடங்கும். மேனேஜர் அறைக்குள் நீங்களும் திட்டியவரும் மட்டும் இருந்தபோது சொன்னது அடங்காது. 2020-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. கூட இருந்தவர்கள் உங்கள் சொந்தக்காரர்களும் நண்பர்களும் மட்டும் என்றாலும் சிக்கல். வெளியாள் இரண்டு பேரையாவது பெயர் போட்டுச் சாட்சியாகக் காட்டுங்கள்.

"அவர் என்ன சாதி என்றே எனக்குத் தெரியாது" என்று திட்டிய சூப்பர்வைசர் சொல்லக்கூடும். உங்களையோ உங்கள் குடும்பத்தையோ அவருக்கு நேரடியாகத் தெரியும் என்று காட்டினால், சாதியும் தெரியும் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளும். இல்லை என்று நிரூபிப்பது அவர் பொறுப்பு. எத்தனை வருடமாக அவர் உங்கள் பெயரைச் செக்ரோலில் (வருகைப் பதிவேட்டில்) எழுதுகிறார் என்பதை மனுவில் சேர்க்கச் சொல்வது இதற்காகத்தான். திட்டியவர் பட்டியல் சாதியோ பழங்குடியோ அல்ல என்ற வரியும் அவசியம். அவரும் பட்டியலைச் சேர்ந்தவர் என்றால் இந்தச் சட்டம் ஓடாது.

சாதிச் சான்றிதழை முன்பே எடுத்து வையுங்கள். பட்டியல் சாதிக்குத் தாசில்தார், பழங்குடிக்கு வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்டிஓ) தருவார். கிறிஸ்தவத்துக்கு மாறிய பட்டியல் சாதியினருக்கு இந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடையாது. மதம் மாறினாலும் இருளர், பணியர் போன்ற பழங்குடியினருக்கு உண்டு. பலர் இதை ஸ்டேஷன் வாசலில்தான் தெரிந்துகொள்கிறார்கள்.

ஸ்டேஷனில் சிஎஸ்ஆர் ரசீது (மனு வந்தது என்பதற்கான ஒப்புகை மட்டும்) கொடுத்து அனுப்பினால் வழக்குப் பதிவானது என்று நினைத்துவிடாதீர்கள். எஃப்ஐஆர் நகல்தான் வேண்டும்; அது இலவசம். இந்தச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு முதல்கட்ட விசாரணை முடியட்டும் என்று காத்திருக்கச் சொல்ல முடியாது. வாய்மொழியாகச் சொன்னதை எழுதி, வாசித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே தட்டிக்கழிக்கும் அதிகாரிக்கு பிரிவு 4-இல் 6 மாதம் முதல் 1 வருடம் வரை சிறை உண்டு. பதிய மறுத்தால் அதே மனுவை மாவட்ட எஸ்பி அலுவலகத்துக்கு (நீலகிரி என்றால் உதகையில் உள்ளது) பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். விசாரிப்பவர் டிஎஸ்பி பதவிக்குக் குறைந்தவராக இருக்கக் கூடாது. எஸ்ஐ விசாரித்தார் என்பதாலேயே அடிபட்ட வழக்குகள் உண்டு.

செல்போனில் பதிவு செய்திருந்தால் அந்த போனை விற்கவோ ரீசெட் செய்யவோ கூடாது. வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு மூலப் பதிவை அழிப்பதுதான் அதிகம் நடக்கும் தவறு.

"தோட்டத்துக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்" என்று மேஸ்திரியோ சங்கத்துக்காரரோ வருவார்கள். பேசலாம். ஆனால் வெள்ளைத்தாளிலும் ராஜினாமாக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். புகார் கொடுத்ததற்காக வேலையை நிறுத்தினால், நிறுத்திய தேதியைக் குறித்துத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் தனி மனு கொடுங்கள். வன்கொடுமை வழக்கோடு அதைக் கலக்க வேண்டாம்.

வக்கீல் செலவுக்குப் பயந்து நிற்க வேண்டியதில்லை. பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு, அழைக்க 15100. வன்கொடுமைப் புகாருக்கென்றே உள்ள எண் 14566.