லாபம் எங்கே இருந்து வருகிறது?

பெரிய நிறுவனத்தின் ஆண்டறிக்கை கையில் கிடைத்தால், தலைவரின் கடிதத்தை அப்புறம் படிக்கலாம். நேராகப் பின்னால் உள்ள குறிப்புகளில் ‘செக்மென்ட்’ அட்டவணைக்கு, அதாவது விற்பனையையும் லாபத்தையும் பிரிவு வாரியாகக் காட்டும் அட்டவணைக்குப் போங்கள்.

அமேசானின் 2022 கணக்கையே எடுத்துக்கொள்வோம். மொத்த விற்பனை சுமார் 514 பில்லியன் டாலர். அதில், கணினி வசதிகளை இணையம் வழியே வாடகைக்கு விடும் கிளவுட் பிரிவான ஏடபிள்யூஎஸ்ஸின் பங்கு 80 பில்லியன்தான். சரி, செயல்பாட்டு லாபம், அதாவது வட்டி, வரி, முதலீட்டு லாப நஷ்டம் எதையும் சேர்க்காமல் தொழிலில் மட்டும் கிடைத்த லாபம்? ஏடபிள்யூஎஸ் 22.8 பில்லியன் ஈட்டியது. வட அமெரிக்கா, சர்வதேசம் என்ற மற்ற இரு பிரிவுகளும் சேர்ந்து அதில் 10 பில்லியனுக்கு மேல் விழுங்கிவிட்டன. மிஞ்சியது 12.2.

அந்த ஆண்டின் நிகர நஷ்டத்தைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். அமேசான் கையில் வைத்திருந்த, ரிவியன் என்ற மின்வாகன நிறுவனப் பங்குகளின் மதிப்பு சரிந்ததுதான் அதற்கு முக்கியக் காரணம். அதே அட்டவணையில் முந்தைய 2 ஆண்டுகளும் இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்கள்.