ஃபிட்ஸ் மாத்திரைத் தவறுகள்: முக்கியமாக அந்த நூறு மில்லிகிராம்

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்காதீர்கள் என்று எல்லோரும் சொல்லியாகிவிட்டது. இங்கே இருப்பவை ஹவுஸ் சர்ஜன்களும், வீட்டில் மாத்திரை எடுத்துக் கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பச் செய்கிற தவறுகள்.

பெனிட்டாயினை நூறு நூறாக ஏற்றுவது

மூளை நரம்பணுக்கள் கட்டுக்கடங்காமல் துடிப்பதுதான் வலிப்பு. பெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்து, சோடியம் உள்ளே நுழையும் அவற்றின் வாயில்களைச் சற்று நேரம் அடைத்து வைக்கும். வழக்கமான துடிப்பு நடக்கும், வெறிபிடித்த துடிப்பு அடங்கும். 1938-லிருந்து தெரிந்த மருந்து, விலையும் குறைவு. சிக்கல் கல்லீரலில் இருக்கிறது. இதைச் சிதைக்கும் நொதிக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. ஒற்றை மதகு உள்ள ஏரி மாதிரி, வரத்து கொஞ்சம் கூடினாலே நீர் கரையைத் தொட்டுவிடும்.

வழக்கமாக நடப்பது இது. தினம் 300 மி.கி. எடுப்பவருக்கு மறுபடி ஒரு ஃபிட்ஸ். ரத்தத்தில் மருந்து மில்லிலிட்டருக்கு 12 மைக்ரோகிராம். சரியான அளவு 10 முதல் 20 வரை. "400 ஆக்கிடுங்க" என்று சீட்டு எழுதப்படுகிறது. மூன்று நாள் ஒன்றும் தெரியாது. ஓரிரு வாரத்தில் அளவு 30-ஐத் தாண்டிவிடலாம். ஆள் தள்ளாடுவார், பேச்சு குழறும். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று வீட்டில் சண்டை. வார்டுக்கு வந்தால் நேரே ஸ்கேன். விரலைக் காட்டிப் பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் கருவிழி துள்ளுவது, அதாவது மருந்து கூடிப்போனதன் அடையாளம், தெரிந்திருக்கும். அதற்கு யாருக்கும் பொறுமை இல்லை. கடைசியில் பயந்துபோய் மருந்தை அடியோடு நிறுத்துவார்கள். அடுத்து தொடர் வலிப்பு, ஐ.சி.யூ.

டோஸைத் தொடுவதற்கு முன், போன வாரம் எத்தனை வேளை விட்டுப்போனது என்று கேட்டு, மாத்திரை அட்டையை வாங்கி எண்ணிப் பாருங்கள். பலருக்குக் காரணம் அங்கேயே கிடைத்துவிடும். ஏற்றியே ஆக வேண்டும் என்றால் 25 அல்லது 50 மி.கி. ஏற்றி, இரண்டு மூன்று வாரம் காத்திருந்து, அடுத்த வேளை மாத்திரைக்கு முன் ரத்தம் எடுங்கள். அல்புமின் (மருந்தைப் பிடித்து வைக்கும் ரத்தப் புரதம்) குறைந்தவர்களுக்கு ரிப்போர்ட்டில் எண் குறைவாகத் தெரியும், ஆனால் வேலை செய்யும் மருந்து போதிய அளவு இருக்கலாம். அந்த எண்ணை நம்பி ஏற்றினால் மேலே சொன்ன கதைதான்.

சிரப்பைக் குலுக்காமல் ஊற்றுவது

பெனிட்டாயின் சிரப்பில் மருந்து அடியில் படியும். புதுப் பாட்டிலில் குழந்தைக்கு ஃபிட்ஸ் வரும், பாட்டில் தீரும் சமயம் தூங்கி வழியும். ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்குங்கள். சமையலறை ஸ்பூன் வேண்டாம், ஊசியில்லாத சிரிஞ்சில் அளந்து கொடுங்கள்.

லாமோட்ரிஜினில் அவசரம்

இதுவும் வலிப்பு மருந்துதான். பெரியவர்களுக்குத் தனியாகக் கொடுத்தால் முதல் இரண்டு வாரம் தினம் 25 மி.கி., அடுத்த இரண்டு வாரம் 50. கூடவே வால்ப்ரோயேட் என்ற இன்னொரு வலிப்பு மருந்து இருந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் 25-ல்தான் தொடக்கம், ஏனென்றால் அது லாமோட்ரிஜின் உடம்பிலிருந்து வெளியேறுவதைத் தாமதப்படுத்தும். வேகமாக ஏற்றினால் தோல் தடித்து, வாய் புண்ணாகி, தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகும் ஸ்டீவன்ஸ் ஜான்சன் நோய் வரை போகலாம். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய டோஸில் தொடரக் கூடாது. டாக்டரைக் கேட்டு, முதலிலிருந்து ஏற்ற வேண்டும்.

சி.ஆர். (மருந்தை மெல்ல மெல்ல விடும்) மாத்திரையைப் பொடிப்பது

கூடாது.

லெவெடிராசெட்டம் கோபம்

இந்த வலிப்பு மருந்து சிலருக்குக் கோபத்தைக் கிளப்பும். தட்டை விட்டெறிகிற பையனைத் திட்டுவதற்கு முன், மாத்திரை எப்போது தொடங்கியது என்று பாருங்கள்.

கருத்தடை மாத்திரையை மறப்பது

கார்பமசெபின் என்ற வலிப்பு மருந்தும் பெனிட்டாயினும் அதன் பலனைக் குறைக்கும். காப்பர்-டி பாதிக்கப்படாது.

வால்ப்ரோயேட்டைக் கர்ப்பம் உறுதியான பிறகு யோசிப்பது

கருவின் மூளையாகவும் தண்டுவடமாகவும் மாறும் குழாய் கருத்தரித்த 28 நாளுக்குள் மூடிவிடும். வால்ப்ரோயேட் அதைச் சரியாக மூட விடாமல் கெடுக்கலாம். நாள் தள்ளிப்போனது தெரிவதற்குள் பாதிக் காலம் ஓடியிருக்கும். அதனால் மருந்தை மாற்றுவதும் ஃபோலிக் ஆசிட் தொடங்குவதும் குழந்தைக்குத் திட்டமிடும்போதே பேச வேண்டியவை. டெஸ்ட் பாசிட்டிவ் வந்துவிட்டாலும் தானாக நிறுத்தக் கூடாது. மாத்திரையைத் தொடர்ந்துகொண்டே அன்றைக்கே டாக்டரைப் பார்க்க வேண்டும்.