உறவும் ஊரும் ஒரே தாளில்: குடும்பச் சூழல் வரைபடம் வரைவது எப்படி?

ஒரு குடும்பத்திடம் “உங்களுக்கு யார் துணை?” என்று கேட்டால், “எல்லாரும் இருக்கிறார்கள்” என்றோ “யாருமில்லை” என்றோதான் பதில் வரும். படமாக வரைந்தால்தான் நிலவரம் புரியும். அமெரிக்கச் சமூகப் பணியாளர் ஆன் ஹார்ட்மன் 1975-இல் உருவாக்கிய ‘எகோமேப்’ எனும் குடும்பச் சூழல் வரைபடம் இதற்கு அருமையான கருவி. வெள்ளைத்தாளும் பென்சிலும் போதும்.

1. தாளின் நடுவில் பெரிய வட்டம் போடுங்கள். உள்ளே, ஒரே வீட்டில் வாழ்பவர்கள்: ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்குச் சிறு வட்டம், வயதோடு. கணவரை இழந்த 34 வயதுப் பெண், அவருடைய தாய், பள்ளி செல்லும் மகன், அங்கன்வாடி செல்லும் மகள் என்று வைத்துக்கொள்வோம்.

2. சுற்றிலும் வட்டங்கள்: ரேஷன் கடை, பள்ளி, அங்கன்வாடி, ஆரம்ப சுகாதார நிலையம், மகளிர் சுய உதவிக் குழு, கோயில், பக்கத்து வீடு, அண்ணன் வீடு. வட்டிக்குக் கடன் கொடுத்தவரையும் சேருங்கள். சுமையை மறைக்கும் படம் பயன்படாது.

3. கோடுகளால் இணையுங்கள். உறுதியான உறவுக்குத் தடித்த கோடு, மெலிந்ததற்குப் புள்ளிக்கோடு, மன உளைச்சல் தருவதற்குக் குறுக்கு வெட்டுகள் போட்ட கோடு. குடும்பம் முழுவதற்குமான உறவு என்றால் பெரிய வட்டத்தின் விளிம்பு வரை. ஒருவருக்கு மட்டும் என்றால் அவர் வரை.

4. இனி அம்புக்குறிகள். என்னைக் கேட்டால், இந்தப் படத்தின் உயிரே இதுதான். உதவி எந்தப் பக்கம் போகிறது? சுய உதவிக் குழுவிலிருந்து கடன் வருகிறது, தவணை போகிறது. இரு பக்கமும் அம்பு. அண்ணன் வீட்டுக்கு அந்தப் பெண் தடித்த கோடு போட்டிருப்பார். ஆனால் படுத்திருக்கும் அண்ணியைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள் பிள்ளைகளுக்குச் சோறு கட்டிக் கொடுப்பதும் இவர்தான் என்றால், அம்பு வெளியேதான் போகும். சொந்தம் சூழ இருந்தும் ஒருத்தி ஓய்ந்துபோவது ஏன் என்பது அங்கே தெரிந்துவிடும்.

கேள்விகள் அன்றாடத்தைத் தொட்டு இருக்கட்டும். “நடு இரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யார் வீட்டுக் கதவைத் தட்டுவீர்கள்?” “மாதக் கடைசியில் அரிசி தீர்ந்தால்?” பென்சிலை அவர்கள் கையிலேயே கொடுங்கள். வயதான தாய்க்கென்று தனியாக ஒரு கோடுகூட இல்லாமல் போகலாம்; அதை அவர்களே கவனிக்கட்டும்.

5. விடுபட்ட வட்டங்களைத் தேடுங்கள். ஆதரவற்ற விதவை ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தாரா? இல்லையென்றால் இ-சேவை மையத்துக்கு ஒரு புள்ளிக்கோடு போட்டு, யார் உடன் போவது என்று அப்போதே பேசிவிடுங்கள்.

தாளில் தேதி எழுதுங்கள்; ஆறு மாதம் கழித்துப் புதிதாக வரைந்து ஒப்பிடலாம். கடன், மனத்தாங்கல் எல்லாம் அதில் இருப்பதால், அவர்கள் சம்மதமின்றிப் படமெடுக்கவோ பிறருக்குக் காட்டவோ வேண்டாம்.