வெள்ளைக் கட்டடம் படத்தில் சாம்பலாக வருகிறதா?

யாழ்ப்பாணத்தில் புதுக் கமரா கையில் கிடைத்தவுடன் கனபேர் போய் நிற்கிற இடம் பொது நூலகம். நேரில் பால் வெள்ளையாக நிற்கிற கட்டடம் படத்தில் அழுக்குப் படிந்த மாதிரி மங்கி வரும். என் முதல் படங்களும் அப்படித்தான் வந்தன, அப்போது பெரிய கவலையாக இருந்தது.

பிழை கமராவில் இல்லை. முன்னால் இருப்பது வெள்ளையா கறுப்பா என்று அதன் ஒளிமானிக்குத் தெரியாது, எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பல் என்றே கணக்குப் போடும். அதனால்தான் வெள்ளைச் சுவர் இருண்டு போகிறது, பனையின் கறுத்த அடியைக் கிட்டப்போய் எடுத்தால் அது வெளிறிப் போகிறது.

சரி, திருத்துவோம். உச்சி வெயிலில் போகாதீர்கள். காலை ஏழு மணிக்குச் சாய்வாக விழுகிற வெளிச்சத்தில்தான் வளைவுகளின் விளிம்பும் அவற்றுக்குக் கீழே உள்ள நிழலும் தெளிவாகத் தெரியும். கமராவை ஏ அல்லது ஏவி முறையில் (துவாரத்தை நாங்கள் தெரிவுசெய்ய, வேகத்தைக் கமரா பார்த்துக்கொள்ளும் முறை) வையுங்கள், ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓ 100, லென்ஸின் துவாரம் எஃப் 8. அப்புறம் கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானை அழுத்தி +1க்குக் கொண்டுபோங்கள், ஒளி இரட்டிப்பாகும். எடுத்தபின் ஹிஸ்டோகிராமை, அதாவது படத்தில் இருட்டும் வெளிச்சமும் எவ்வளவு என்று இடமிருந்து வலமாகக் காட்டும் வரைபடத்தை, பாருங்கள். வலது ஓரத்தில் மலைபோல் முட்டி நின்றால் வெள்ளை எரிந்துவிட்டது, கொஞ்சம் குறைத்துத் திரும்ப எடுங்கள். ஃபோன் என்றால் சுவரில் விரலை அழுத்திப் பிடித்து, ஒளி அளவு பூட்டுப்பட்டதும் சூரியக் குறியை மேலே இழுத்தால் போதும்.

நல்லூர்த் திருவிழாவில் வெயிலில் நிற்பவரின் வெள்ளை வேட்டிக்கும் இதே வழிதான், ஆனால் மடிப்பு அழியாத அளவுக்கு மட்டும் கூட்டுங்கள்.

பண்ணைக் கடலோரத்தில் பின்னேரச் சூரியனை எடுக்கும்போது, இதற்கு நேர்மாறாக -1க்கு இறக்குங்கள். வெளிச்சத்தின் நிறத்தைச் சரிசெய்கிற வெண்சமநிலையைத் தானியங்கியில் விட்டால் அது செம்மஞ்சளைக் குறைத்துவிடப் பார்க்கும், மேகமூட்டம் என்ற தெரிவுக்கு மாற்றுங்கள்.

எடுத்த படத்தைத் திருத்த ஸ்னாப்சீட் என்ற ஃபோன் செயலி தாராளம். கமராவை அண்ணாந்து பிடித்ததால் பின்னுக்குச் சாய்ந்து நிற்கிற சுவர்களை முதலில் நிமிர்த்துங்கள். பிறகு நிழலைக் கொஞ்சம் தூக்கி, வெளிச்சப் பகுதியைக் கொஞ்சம் இறக்குங்கள். வழக்கமான படக் கோப்பு வகையான ஜேபெக்கில் முழுசாக எரிந்த வெள்ளையை எந்தச் செயலியாலும் மீட்க முடியாது, அங்கே ஒரு விவரமும் பதியவே இல்லை. நிற அடர்த்தியைத் தொடவே வேண்டாம் என்பேன், புல்லெல்லாம் பெயின்ற் அடித்த மாதிரி ஆகிவிடும்.

நாளைக்கு ஒரே சுவரை, நின்ற இடம் மாறாமல், 0, +1, +2 என்று மூன்று தரம் எடுங்கள். வீட்டில் பெரிய திரையில் போட்டு, சுண்ணாம்பின் சொரசொரப்பு எதில் தெரிகிறது என்று பாருங்கள்.